மரத்திடம் போகும் வாள்

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். கிழக்கே மன்னார் வளைகுடா. மேற்கே முக்காணி, ஆத்தூர், சேர்ந்தபூமங்கலம் என்று வாழையும் நெல்லும் வெற்றிலைக்கொடியும் விளையும் ஆற்றுப்பாசன ஊர்கள். வள்ளமும் டிராக்டரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் புழங்கும் பகுதி இது. வடக்கே தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் தேக்குத் தடிகள் கப்பலில் வந்து இறங்குகின்றன. பர்மா 2014 ஏப்ரலில் உருட்டுத்தடி ஏற்றுமதியை நிறுத்தியபோது கூட நம் வியாபாரிகள் வேறு தூர தேசத்து மரத்தைத் தேடினார்களே ஒழிய, பக்கத்து ஊர் மரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதே மாவட்டத்தில் சாயும் வேம்பும் வெட்டப்படும் சீமைக்கருவேலமும் பெரும்பாலும் அடுப்புக்கும் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் போகின்றன. வெளியிலிருந்து வருவது மரம், உள்ளூரில் இருப்பது விறகு. இந்தப் பாகுபாடு மரத்தின் தரத்தால் வந்தது என்று பொதுவாக நினைக்கிறோம். பெருமளவுக்கு அது வாள் இருக்கும் இடத்தால் வந்தது என்பது என் எண்ணம். அதனால்தான் டிராக்டரின் பின்புறச் சுழல்தண்டான பிடிஓவில் பூட்டி ஓட்டக்கூடிய, ஒரு லேத் பட்டறையும் வெல்டிங் கடையும் இருந்தால் கட்டிக்கொள்ளக்கூடிய சிறிய மரம் அறுக்கும் இயந்திரத்தை வேலையற்றவர்களின் விளையாட்டு என்று ஒதுக்காமல், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

மரம் அறுக்கும் மில்கள் வருவதற்கு முன்னால் வாள்தான் மரத்தைத் தேடிப் போனது. தடியைக் கவைகளின் மேல் ஏற்றியோ, தரையில் குழி தோண்டி அதன் குறுக்கே கிடத்தியோ, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று நீண்ட வாளால் அறுத்தார்கள். கரியில் தோய்த்த நூலைத் தடியின் மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் விழும் கோடுதான் கணக்கு. மேலே நிற்பவர் கோடு பிசகாமல் பார்த்துக்கொள்வார். கீழே நிற்பவர் இழுப்பார். தூள் முழுக்க அவர் கண்ணிலும் வாயிலும்தான் விழும். இந்த வேலையைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுவது அதைச் செய்தவர்களுக்கு இழைக்கும் அநியாயம். எந்த அறுப்பாளியும் தன் பிள்ளை அதே குழிக்குள் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது, அது கைவாளோடு சேர்ந்தே போய்விட்டது: மரம் அறுபடும்போது படகு கட்டும் ஓடாவி பக்கத்தில் நிற்க முடிந்தது. எந்தக் கிளையை எங்கே பிளப்பது, எந்த முடிச்சை எந்தப் பலகைக்கு ஒதுக்குவது என்பதை அவரே சொன்னார்.

அது ஏன் முக்கியம் என்பதை வங்கைப் பார்த்தால் புரியும். படகின் உள்ளே குறுக்காக வளைந்து நின்று பக்கப்பலகைகளைத் தாங்கும் சட்டத்துக்கு வங்கு என்று பெயர். நேரான கனத்த பலகையில் வளைவாகக் கோடு போட்டு வெட்டினாலும் வங்கு கிடைக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அதில் மரத்தின் நார் நேராக ஓடும், சட்டம் மட்டும் வளைந்திருக்கும். நார் எங்கே சட்டத்தின் விளிம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியேறுகிறதோ அங்கேதான் அலை அடிக்கும்போது விரிசல் கிளம்பும். ஆகவே இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி, அந்த வளைவோடு சேர்த்தே அறுப்பார்கள். நாட்டுக்கருவேல், பூவரசு, வேம்பு, புன்னை ஆகியவை இதற்கு உதவின. கடற்காற்றில் சாய்ந்து முறுக்கிக்கொண்டு வளரும் புன்னை, வீட்டு நிலைக்குக் கோணல் மரம். பின்னிய நார் கொண்டதால் பலகையாக்கினால் திருகிக்கொள்ளவும் செய்யும். வங்குக்கோ அந்தக் கோணலே அதன் விலை. கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில், இதே முறையில் வேப்பமரத்தால் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. வேம்பைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் குச்சியும் கொழுந்தும் எண்ணெயுமாக இருக்கிறது; அது பெருங்கடல் கடந்த மரம் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

பிறகு சா மில் வந்தது. மின்சாரத்தில் ஓடும் பெரிய பேண்ட் சா, அதாவது பட்டை வாள், ஓர் இடத்தில் ஊன்றிய இயந்திரம். மரம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். தெற்கு மாவட்டங்களில் மரவாடி என்றாலே தூத்துக்குடியும் செங்கோட்டையும்தான் நினைவுக்கு வரும். புன்னைக்காயலிலிருந்து செங்கோட்டை நூறு கிலோமீட்டருக்கும் மேலே. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 4 அடிச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள ஒரு வேப்பந்தடி பச்சையில் 300 கிலோவுக்குக் குறையாது. அறுத்தால் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பலகை கிடைக்கும். மீதி மேல்பட்டைச் சீவலும் தூளும். ஆக, ஏற்றுகூலியும் லாரி வாடகையும் கொடுத்து நாம் மில்லுக்கு அனுப்புவதில் ஏறக்குறைய பாதி, குப்பையாகப் போகப்போகும் பொருள். தேக்குக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகும். வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒற்றை வேம்புக்குக் கட்டாது. மில்காரருக்கும் அது வேண்டாத விருந்தாளிதான்: ஊருக்குள் நின்ற மரத்தில் வேலிக்கு அடித்த ஆணியும் கொடி கட்டிய கொக்கியும் புதைந்திருக்கும், ஒன்று மாட்டினால் அன்றைய வாள் போச்சு. கட்டுப்படியாகாத மரத்துக்கு எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர்தான் விறகு.

அளப்பதிலும் இதே கதை. தடியின் சுற்றளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி சொல்வது நம் மரவாடிகளின் வழக்கம். இது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹோப்பஸ் என்பவர் அச்சிட்ட அட்டவணைகளிலிருந்து வந்த முறை. மேலே சொன்ன தடி இந்த முறையில் 10 கன அடி. வட்டத்தின் உண்மையான பரப்பை வைத்துப் பார்த்தால் 12.7 கன அடி. நூற்றுக்கு 21க்கு மேல் காணாமல் போகிறது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். வட்டத்தைச் சதுரமாக்கும்போது வீணாகும் சீவலை முன்கூட்டியே கழித்துவிடும் தந்திரம் அது, தெரிந்தே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் கழிவை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அளக்கும் நாடாவிலேயே பதில் எழுதியாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கழிவைச் சுமக்கிறவர் மரத்துக்கு உரியவர். கழிவை விறகாகவும் தூளாகவும் விற்றுக்கொள்கிறவர் வாளுக்கு உரியவர். ஒற்றை மரத்தை விற்பவருக்கு இந்த நாடாக் கணக்குக்கூடப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை, நின்ற நிலையில் குத்துமதிப்பாக ஒரு விலை, அவ்வளவுதான்.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். டிராக்டரால் மரம் அறுப்பது புதுமையே இல்லை. அமெரிக்கப் பண்ணைகளில் டிராக்டர் புழக்கத்துக்கு வந்த காலத்திலேயே அதன் பக்கவாட்டுப் புல்லியில் நீண்ட பெல்ட் மாட்டி, கதிரடிப்பும் மரம் அறுப்பும் ஒரே வண்டியில் நடந்தன. நம் ஊர் டிராக்டர்களின் பின்புறத்தில் சுழலும் பிடிஓ தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. ரோட்டவேட்டருக்கு இது போதும், வாளுக்குப் போதாது. 30 அங்குல வட்ட ரம்பத்தின் பல்முனை நிமிடத்துக்கு 9,000 அடி வேகத்தில் ஓடினால்தான் மரத்தைக் குதறாமல் அறுக்கும். அதற்கு ரம்பம் 1,150 சுற்றுக்கு அருகே சுழல வேண்டும். அதாவது இரண்டு மடங்குக்குச் சற்று மேலே. பெரிய புல்லி ஒன்று, சின்னப் புல்லி ஒன்று, நடுவில் மூன்று நாலு வி பெல்ட், இரண்டு பேரிங்கில் உட்கார்ந்த தடித்த ஷாஃப்ட். எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தரக்கூடிய சாமான்கள்தான். திறனுக்கும் பஞ்சமில்லை, 35 குதிரைத்திறன் டிராக்டர் இந்த வேலைக்குத் தாராளம். முதல்முறை கட்டுபவர்களின் கவனமெல்லாம் வாள் சுழல்வதிலேயே இருக்கும். வாளைச் சுழல வைப்பது இதில் எளிய பகுதி.

கடினமான பகுதி நேர்கோடு. பிடிஓவில் பூட்டிய வாள் டிராக்டரோடு கட்டுண்டு நிற்கிறது. டிராக்டர் நகராது, அதனால் வாள் நகராது, அதனால் தடிதான் நகர வேண்டும். 12 அடித் தடியை வாளுக்கு முன்னாலிருந்து முழுக்கப் பின்னால் வரை ஓட்ட, 25 அடிக்குக் குறையாத தண்டவாளமும் அதன் மேல் ஓடும் டிராலியும் வேண்டும். இரண்டு வரிசை ஆங்கிள் இரும்பைக் கவிழ்த்துப் போட்டால் தண்டவாளம் ஆகிவிடும். ஆனால் நடுவில் அது கால் அங்குலம் பக்கவாட்டில் விலகியிருந்தால் அறுக்கும் ஒவ்வொரு பலகையிலும் அந்தக் கால் அங்குலம் அச்சாகப் பதியும். ஆற்றுமுகத்து மணலில் 300 கிலோத் தடி உருளும்போது சட்டம் ஒரு பக்கம் அமுங்கும். காலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தது மத்தியானம் பொய்யாகிவிடும். அடியில் பனந்துண்டுகளைக் குறுக்கே நெருக்கிப் புதைத்து, அவற்றின் மேல் சட்டத்தை முடுக்கி, தடிக்குத் தடி மட்டம் பார்க்க வேண்டியிருக்கும். தடியை டிராலியில் அசையாமல் கவ்விப் பிடிக்கும் கொக்கிகள் வேறு. பலகைக்குப் பலகை தடியைச் சரியாக ஓர் அங்குலம் முன் தள்ளும் திருகு வேறு. விலை கொடுத்து வாங்கும் மில்லில் காசு எங்கே போகிறது என்று கேட்டால் இங்கேதான் போகிறது. வீட்டில் கட்டியதற்கும் தொழிற்சாலையில் செய்ததற்கும் உள்ள வித்தியாசமும் மோட்டாரில் இல்லை, இந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது.

வட்ட ரம்பமா, பட்டை வாளா என்பது அடுத்த கேள்வி. இதில் எனக்குத் தயக்கமில்லை. 30 அங்குல வட்ட ரம்பம் 12 அங்குல ஆழத்துக்கு மேல் அறுக்காது. 4 அடிச் சுற்றளவுத் தடியின் விட்டமே 15 அங்குலம், ஆகவே ஒரே ஓட்டத்தில் முடியாது, திருப்பிப் போட்டுத்தான் அறுக்க வேண்டும். அதைவிட, அதன் வாய்த்தடம் கால் அங்குலம் வரை இருக்கும். ஓர் அங்குலப் பலகை அறுத்தால் நாலு அறுப்புக்கு ஒரு பலகை தூளாகிவிடுகிறது. மெல்லிய பட்டை வாளின் தடம் 2 மில்லிமீட்டர். அதே ஓர் அங்குலத்தை இழக்கப் பன்னிரண்டு பதின்மூன்று அறுப்பு ஆகும். கழிவைக் குறைக்கத்தான் இந்த இயந்திரம் என்று வாதாடிவிட்டு ஐந்தில் ஒன்றைத் தூளாக்குவது அழகில்லை. பட்டை வாளுக்கு இரண்டு சக்கரம், அவற்றை இழுத்துப் பிடிக்கும் முடுக்கு, வாளை நழுவாமல் நிறுத்தும் உருளைகள் வேண்டும். கட்டுவது சிரமம், ஆனால் சாத்தியம். எதுவானாலும் கடற்கரை மரத்தில் ஒரு தனித்தொல்லை உண்டு. பட்டையின் வெடிப்புகளில் காற்று கொண்டுவந்து அடைத்த மணல் இருக்கும். அறுக்கும் முன் கோடாரியால் பட்டையைச் செதுக்கித் தள்ளாவிட்டால் சில அறுப்புகளிலேயே பல் மழுங்கி, வாள் கோட்டை விட்டுவிட்டு மெதுவான வழியைத் தேடி ஓட ஆரம்பிக்கும். உள்ளூரில் அரம் போடத் தெரிந்த ஒருவர் இல்லையென்றால் இந்த முயற்சியில் இறங்கவே வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டு எதை அறுப்பது? முதலில் சீமைக்கருவேலம். இது காமராஜர் காலத்தில் வந்தது என்று ஊர்ப்பேச்சு உண்டு. ஆனால் சென்னை மாகாண வனத்துறை 1870களிலேயே கடப்பைப் பகுதியில் இதை நட்டுவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் இதை அகற்றச் சொன்னபோது, அகற்றிய மரத்தை என்ன செய்வது என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த விடை ஒன்றுதான்: மூட்டம். நாலைந்து டன் விறகு எரிந்து ஒரு டன் கரி. இதே பேரினத்து மரத்தை அர்ஜென்டினாவில் அல்காரோபோ என்று மேசை நாற்காலிக்கும் கதவுக்கும் பயன்படுத்துகிறார்கள். டெக்ஸாஸில் மெஸ்கீட் என்ற பெயரில் அது தரைப்பலகையாக நல்ல விலைக்குப் போகிறது. கனமான மரம், காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் மரம். தச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். குறை என்னவென்றால் தடி குட்டையாகவும் கோணலாகவும் இருக்கும். பெரிய மில்லின் டிராலியில் நாலடிக் கோணல் கட்டையை யாரும் ஏற்ற மாட்டார்கள். டெக்ஸாஸிலும் அதை அறுப்பவர்களில் கணிசமானவர்கள் சிறிய, இழுத்துச் செல்லும் பட்டைவாள் மில் வைத்திருப்பவர்கள்தான். நம் சீமைக்கருவேலத்தில் பெரும்பகுதி புதர், கைகனம் தாண்டாதது, அது மூட்டத்துக்குத்தான் லாயக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்மாய்க்கரைகளில் பல ஆண்டு விட்டுவைத்துத் தடித்த அடிமரங்களைப் பற்றியே பேசுகிறேன்.

இரண்டாவது, விழுந்த மரம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்தன. நஷ்டஈட்டுக்கு நிகராக விவசாயிகளை வாட்டிய கவலை, கிடக்கும் தடிகளை அப்புறப்படுத்துவது. மட்கும் தென்னந்தடி காண்டாமிருக வண்டின் பிரசவ அறை. அகற்றாவிட்டால் மிஞ்சிய மரமும் போகும். 2013இல் ஹையான் சூறாவளிக்குப் பிறகு பிலிப்பைன்ஸிலும் இதே நிலை, 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகள் சேதம். அங்கே சங்கிலி வாள்களையும் நடமாடும் சிறு மில்களையும் தோப்புகளுக்கே கொண்டுபோய், விழுந்த மரத்தைச் சட்டமும் பலகையுமாக்கி, கூரையிழந்த வீடுகளைக் கட்டினார்கள். தென்னையை அறுப்பது எளிதில்லை: வெளிப்புறம் இரும்பாக இருக்கும், உள்ளே சோறு, சாதாரணப் பல் சீக்கிரம் மழுங்கும், டங்ஸ்டன் கார்பைடு முனை வைக்க வேண்டும். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அந்த அனுபவம் முன்பே இருந்தது, நமக்கு இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது, புன்னைக்காயலுக்குப் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல், ஆத்தூர், புன்னைக்காயல் என்று ஆற்றோரம் முழுக்க மூழ்கியது. அப்படி ஒரு பேரிடரில் சாயும் மரங்களை நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மில் காப்பாற்றாது, சாலையே அறுந்து கிடக்கும்போது.

பனையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. காரணம் சட்டம் மட்டுமல்ல. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று தமிழக அரசு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது, நல்ல காரியம். அதற்கும் மேலே, பனையை வாளால் அறுப்பது அதன் இயல்புக்கு விரோதம். வைரம் பாய்ந்த பனையை ஆப்பு வைத்துப் பிளந்தால் பிளவு நாரோடு நாராக ஓடும். ஒரு நாரும் அறுபடாத கைமரம் கிடைக்கும். வாளோ தன் நேர்கோட்டுக்காக நாரை வெட்டும். நேர்கோடு எல்லாவற்றுக்கும் மேலானது என்று இயந்திரம் நம்ப வைக்கும்போது, பனங்கைமரம் கூரையில் நின்றுகொண்டு மறுக்கிறது.

இனி மறுப்புகள். வலுவானது காட்டைப் பற்றியது. நீலகிரி மாவட்டக் கூடலூரில் நடந்த காட்டழிப்பை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு இந்தியக் காடுகளின் வரலாற்றையே திருப்பியது. நீதிமன்றம் மரத்தை மட்டும் பார்க்கவில்லை, வாளைப் பார்த்தது. உரிமமில்லாத மில்கள் மூடப்பட்டன. 2002 அக்டோபரில், மத்திய அதிகாரக் குழுவின் அனுமதியில்லாமல் எந்த மாநிலமும் புதிய மில்லுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. 2016இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு மாநில அளவிலான குழுக்களுக்கு வந்தது. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை: ஒவ்வொரு மரத்துக்கும் காவல் போட முடியாது, ஆனால் எல்லா மரமும் ஒரு வாளைக் கடந்தே ஆக வேண்டும், எனவே வாளைக் காவல் செய். ஊன்றிய மில்லைக் கண்காணிக்கலாம், சக்கரம் கட்டிய மில்லை எப்படிக் கண்காணிப்பது? ஆப்பிரிக்காவின் கானா 1998இல் சங்கிலி வாளால் விற்பனைக்குப் பலகை அறுப்பதைத் தடை செய்தது. அதன் பிறகும் அந்நாட்டின் உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் பலகையில் பெரும்பகுதி அந்த வாளிலிருந்தே வந்தது.

இந்த மறுப்பை நான் தட்டிவிடப் போவதில்லை. உரிமமில்லாமல் ஒருவர் கொல்லையில் இப்படி ஒரு மில்லைக் கட்டி ஓட்டுவது இன்றைய நிலையில் சட்டமீறல், அதை ஆதரிக்கவும் இல்லை. ஆனால் கானாவின் அனுபவத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். நடமாடும் வாள் காட்டை அழிக்கும் என்று படிக்கலாம். சட்டபூர்வ மரம் ஏற்றுமதிக்கே போகும்போது உள்ளூர்க்காரருக்குத் திருட்டுப் பலகையைத் தவிர வேறு வழியில்லாமல் போகும் என்றும் படிக்கலாம். தவிரவும், கூடலூரின் ஈட்டிக்காட்டுக்கு எழுதிய விதி, தாமிரபரணி முகத்துவாரத்துச் சீமைக்கருவேலத்துக்கு அப்படியே பொருந்துமா? ஒரு பக்கம் அந்த மரத்தை வேரோடு பிடுங்கச் சொல்கிறோம், மறுபக்கம் அதைப் பலகையாக்கும் வாளைத் தடுக்கிறோம். கரியாக்குவதற்கோ ஒரு மண்மூட்டம் போதும். வெட்டத் தடையில்லாத இனங்களையும் புயலில் விழுந்த மரங்களையும் மட்டும் அறுக்க, எல்லை வரையறுத்து, அறுத்த தடிக்குப் பதிவேடு வைத்து, டிராக்டர் பதிவெண்ணோடு சேர்த்து உரிமம் தருவது நிர்வாகத்துக்கு முடியாத காரியமில்லை. எண்ணில்லாத சங்கிலி வாளைவிட எண் உள்ள டிராக்டரைப் பிடிப்பது சுலபம்.

அடுத்த மறுப்பு உயிரைப் பற்றியது. இதில் நான் மறுப்பவர் பக்கம். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9. மூடி இல்லாத பிடிஓ தண்டில் வேட்டி நுனி சிக்கினால், சிக்கியது தெரிவதற்குள் ஆள் உள்ளே இழுக்கப்பட்டிருப்பார். இந்திய நாடாளுமன்றம் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்ததே, கதிரடிக்கும் இயந்திரங்களில் கை போனவர்களின் எண்ணிக்கை பொறுக்க முடியாத அளவுக்குப் போனதால்தான். அவையும் பெரும்பாலும் சிறு பட்டறைகளில் செய்தவைதான். சென்னையின் மீன்பாடி வண்டியைப் போல, கையில் கிடைத்த எஞ்சினை எதிலாவது பூட்டி ஓட்டும் திறமையைக் கொண்டாடும் ஒரு மனப்பாங்கு நம்மிடம் உண்டு. வாள் விஷயத்தில் அந்தக் கொண்டாட்டம் கூடாது. தண்டுக்கு உறை, பெல்ட்டுக்குக் கூண்டு, வாளுக்குப் பின்னால் அறுபட்ட வாய் மூடிக்கொள்ளாமல் தடுக்கும் ஆப்புத்தகடு, வாளின் நேர்கோட்டில் யாரும் நிற்காமலிருப்பது, டிராலியைக் கையால் தள்ளாமல் கம்பியால் இழுப்பது. இத்தனையும் சேர்ந்தால் செலவு கூடும். கூடட்டும். உறை போடக் காசில்லாதவர் கட்டக்கூடாத இயந்திரம் இது.

மூன்றாவது மறுப்பு ஏளனத்தோடு வரும்: பலகை வள்ளமே போய்விட்டது, இனி யாருக்கு வங்கு? 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தவை ஃபைபர் படகுகள். அவற்றுக்குப் பாசி மருந்தும் பலகை இடுக்கை அடைக்கும் கலாபத்து வேலையும் குறைவு, எடையும் குறைவு, வேகம் அதிகம். மீனவர் தெரிந்துதான் மாறினார். அவரிடம் போய் மரபைப் பற்றி வகுப்பெடுப்பது அசட்டுத்தனம். நான் வள்ளத்தை மீட்கச் சொல்லவில்லை. ஆனால் மரத்தேவை வள்ளத்தோடு முடிந்துவிடவில்லை. ஃபைபர் படகின் முதல் அச்சு மரத்தில்தான் செய்யப்படுகிறது. உள்ளே உட்காரும் பலகையும் குறுக்குச்சட்டமும் பெரும்பாலும் மரம். தூத்துக்குடித் தோணிகள் இன்னும் மரப்பலகையில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றுகின்றன, அவற்றைப் பழுது பார்க்க வேண்டும். வீட்டுக்கு நிலையும் கதவும் கட்டிலும், வாழைத்தோட்டத்துக்குச் சட்டமும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் இன்று பதில் தூத்துக்குடி மரவாடியில் இறக்குமதி மரம், அல்லது பிவிசி.

கடைசியாக, இந்த இயந்திரம் சின்ன முதலாளியை உருவாக்கும், பெரிய மில்காரர் செய்ததையே அவரும் செய்வார் என்று ஒரு சந்தேகம் எழும். நியாயமான சந்தேகம். இதற்கு விடை கூலியை எந்த அளவையில் வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. மில்லில் அறுப்புக்கூலி கன அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. கன அடிக்குக் கூலி என்றால் நேரான, நீளமான, ஆணியில்லாத தடியே லாபம். கோணல் கட்டை நஷ்டம். ஓடாவி வந்து நின்று யோசிப்பது தொந்தரவு. டிராக்டரின் வழக்கம் வேறு. உழவானாலும் ரோட்டவேட்டர் ஆனாலும் மணிக்கு இவ்வளவு என்றுதான் முக்காணியிலும் ஆத்தூரிலும் பேச்சு. அதே கணக்கு வாளுக்கும் வந்தால், வளைந்த கிளையை இப்படியும் அப்படியுமாகத் திருப்பி வைத்து, நூல் அடித்து, அழித்து, மறுபடி அடிக்கும் நேரத்துக்கும் டிராக்டர்காரருக்குக் கூலி உண்டு. சீவலும் தூளும் மரத்துக்காரர் வாசலிலேயே கிடக்கும்.